சஷ்டி விரதத்தில் குடித்த குளுக்கோஸ் தண்ணீர்

கந்தனைக் கும்பிட வந்திருக்கிற அக்கா தங்கச்சிங்களே, ரெண்டு புள்ளைய சுமந்து ரெண்டையும் மண்ணுக்குக் குடுத்தவ நான்.

ரெண்டுமே நெற மாசத்துல வயித்துக்குள்ளயே அடங்கிப் போச்சு. நல்லா பெரிய கொழந்தைங்க. ஏன் போச்சுன்னு யாருக்கும் சொல்லத் தெரியல. தோஷம்னாங்க. செய்யூர் பக்கம் எங்க ஊர்ல ஒரு வளைகாப்புக்கும் என்னைக் கூப்புட மாட்டாங்க.

2007-ல மூணாவது தடவ உண்டானேன். சந்தோஷம் வரல, பயம்தான் வந்துச்சு. ஐப்பசியில சஷ்டி வெரதம் புடிச்சேன். "முருகா, இது ஒண்ணையாவது அழ வெச்சு என் கையில குடு." வேற எதுவும் கேக்கல.

வெரதத்துக்கு நடுவுல எங்க ஊரு நர்ஸம்மா வூட்டுக்கே வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூப்ட்டாங்க. போனா, டம்ளர் நெறைய குளுக்கோஸ் தண்ணி.

"வெரதம்மா, குடிக்க மாட்டேன். எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

"நல்லாக் கீறவங்களுக்கும்தான் குடுக்கறோம். வயித்துல புள்ள இருக்கிற எல்லாருக்கும் பார்க்கணும். சக்கரை மூஞ்சியில தெரியாதும்மா."

கண்ண மூடிக்கினேன். வெரதமும் புள்ளைக்காகத்தான், இந்தத் தண்ணியும் புள்ளைக்காகத்தான். மடமடன்னு குடிச்சிட்டேன்.

ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்த்தா, சக்கரை ஏறிக் கீது. டாக்டரம்மா பக்கத்துல உக்காந்து பழைய கதைய எல்லாம் கேட்டாங்க.

"அந்த ரெண்டு கொழந்தைக்கும் இந்தச் சக்கரையே காரணமா இருந்திருக்கலாம். இந்தத் தடவ நாம முந்திக்குவோம்."

அங்கியே ஓன்னு அழுதுட்டேன். தோஷம் இல்ல. சாபம் இல்ல. வைத்தியம் கீற ஒரு நோவு, அவ்ளோதான்.

சோத்தக் கொறச்சேன். சாயங்காலம் நடந்தேன். எங்க வூட்டுக்காரரு மறைமலைநகர் கம்பெனியில வேல. பஸ் ஏறப் போறதுக்கு முன்னாடி அவரே இன்சுலின் ஊசி போடுவாரு. எனக்கு வலிக்காது, அவருதான் வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கினே இருப்பாரு. செக்கப்புக்கு நான் போக வேண்டிய நாள்ல போகலன்னா, நர்ஸம்மா வாசல்ல வந்து நிப்பாங்க.

பிரசவ வலி வர்ற வரைக்கும் விட்டு வெக்கல. முன்கூட்டியே நாள் குறிச்சு, மாசி மாசம் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில சேர்த்தாங்க. கொழந்தைய வெளிய எடுத்தாங்க. ஒரே அமைதி. என் உசுரு என்கிட்ட இல்ல.

அப்புறம் அழுதா பாருங்க எம் பொண்ணு! வராண்டாவுல நின்ன எங்க வூட்டுக்காரரு அந்தச் சத்தம் கேட்டு அங்கியே கையெடுத்துக் கும்புட்டாராம்.

அவ பொறந்ததும் எனக்கு சக்கரை எறங்கிடுச்சு. திரும்ப வரலாம்னு சொன்னதால வருஷா வருஷம் பார்த்துக்கறேன். சஷ்டி வெரதத்தயும் விடல. ஊர்ல எந்தப் பொண்ணு உண்டானாலும், சக்கரை பார்க்க நானே கூட்டிகினு போறேன்.

முருகன் எனக்கு அனுப்புனது அந்த நர்ஸம்மாவத்தான். நீங்க உண்டானா உங்களையும் கூப்புடுவாங்க. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு வூட்ல உக்காந்துடாதீங்கம்மா. வேண்டிகினே போங்க.