எஞ்சினில் வைத்த பொட்டு

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் பங்களாவிலிருந்து அப்பா வாங்கி வந்த அந்த நீளமான வெள்ளைக் காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறதா, நிற்கிறதா என்பதை, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் மெல்லிய நடுக்கத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கொல்லங்கோட்டில் எங்கள் வீதியில் அவ்வளவு பெரிய கார் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் அது பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்ததால், ஒரே மாதத்தில் அதை டீசல் எஞ்சினுக்கு மாற்றிவிடுவதென்று அப்பா முடிவு செய்தார்.

அப்பாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கண்ணெதிரே கறந்த பாலிலும் விரலை விட்டுப் பார்ப்பார்; பழுது பார்த்து வந்த கிணற்று மோட்டாரைத் திரும்பக் கழற்றி, உள்ளே இருப்பது செம்புக் கம்பிதானா என்று சோதிப்பார். கோயமுத்தூரில் தானே தேடிப் பிடித்த டீசல் எஞ்சினை, பட்டறை வைத்திருந்த என் தாய்மாமனிடம் ஒப்படைத்த அன்று அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "உன்ற அண்ணன் இந்த நல்லதை எடுத்து வெச்சுக்கிட்டு, ஏதாச்சும் ஓட்டை எஞ்சினை மாட்டி உட்ருவான்" என்று அம்மாவிடம் சொல்லி வசவு வாங்கிக்கொண்டார். மறுநாள் மாமாவுக்குத் "தூக்குப் போசி"யில் சோறு கொண்டுபோகக் கிளம்பிய என்னிடம், சிவப்பு நெயில் பாலிஷ் புட்டியைக் கொடுத்து, எஞ்சினில் குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வரச் சொன்னார்.

மாமாவுக்கு நான் என்றால் உயிர். அவர் கை கழுவப் போன நேரத்தில் பொட்டை வைத்தேன்.

வேலை முடிந்த அன்று, பட்டறை ஆட்கள் சுற்றி நிற்க, அப்பா குனிந்து தேடினார். பொட்டு இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும்! எஞ்சினையே மாத்திப் போட்டீங்க மச்சான்!" என்று கத்தி, அடையாளம் வைத்த கதையையும் தானே உளறிவிட்டார்.

மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அப்பா காட்டிய இடத்தில் வெள்ளிப் பெயிண்ட்டைச் சுரண்டினார். அடியில் சிவப்பு தெரிந்தது.

"கழுவிப் பெயிண்ட் அடிச்சுத்தானுங்க மாப்ள எஞ்சினை ஏத்துவோம்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீ வெச்சதா அம்மிணி?"

தலையாட்டினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பாவோ, வீடு திரும்பும் வழியில், "பாத்துப்போட்டு அவனே ஒரு பொட்டு வெச்சிருப்பானோ?" என்றார்.

அந்தக் கார் இரும்புக் கடைக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன, அப்பாவும் இல்லை. மாமா மட்டும் இன்னும் பட்டறைக்கு வருகிறார். போன மாதம் என் சின்னக் காரை அவரிடம் சர்வீசுக்கு விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன். அவர் விடவில்லை. வண்டியில் கை வைக்கும் முன், நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

"உக்காரு அம்மிணி. எதைக் கழட்டறேன், எதை மாட்டறேன்னு நீயே பாத்துக்க."

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. வண்டி விட வந்த மற்றவர்கள் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.