கைத்துப்பாக்கிக்கு ஒரு பற்றுச்சீட்டு

செவன் கிங்ஸ் வீட்டில் படிக்கட்டுக்குக் கீழே, சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு முழ அகலம், இரண்டு முழ உயரம். அதற்குள் இப்போது இருப்பது ஒரேயொரு பற்றுச்சீட்டு. வீட்டை விற்கப் போகிறேன் என்று அறிவித்ததும் பார்க்க வந்த முகவர் பெண்மணி, அறை அறையாக அளந்துகொண்டு வந்து, இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று இது என்னவென்று கேட்டார். "கரண்ட் மீற்றர்" என்று என் வாயில் வந்துவிட்டது. முப்பது வருடங்களுக்கு முன் என் அக்காவுக்குச் சொன்ன அதே பொய். அக்காவும் அன்று நம்பவில்லை, அந்தப் பெண்மணியும் நம்பவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை செய்த அலுவலகத்தின் நிலவறையில் துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுகூடம் ஒன்று இருந்தது. புதன்கிழமைகளில் வேலை முடிந்து கிளப் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் அங்கே கூடுவோம். பக்கத்து மேசைக்காரர் கூப்பிட்டார் என்று போனவன் நான். போகாமல் விட்டால் ரயிலில் நெரிபட்டு வந்து வெறும் வீட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். கிளப்புக்குச் சொந்தமான பழைய கைத்துப்பாக்கியால் கடதாசி வட்டங்களைச் சுடுவேன். நூற்றுக்கு எழுபது வந்தால் அன்று எனக்குத் திருவிழா. இரண்டாம் வருடம் பொலிஸ் அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. சிறிய ரவைத் தோட்டா போடும் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கிளப் செக்ரட்டரி தன்னுடைய பழையதை எனக்குத் தருவதாகப் பேச்சு.

ஒரு சனிக்கிழமை காதுமூடி வாங்குவதற்காக அவரோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். காதுமூடி வாங்கியாயிற்று. கடைக்காரர் வேறு யாருக்கோ காட்டிவிட்டு மேசையில் வைத்திருந்த போட்டித் துப்பாக்கியில் என் கண் விழுந்தது. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிடி முழுவதும் வால்நட் மரம். கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், உள்ளங்கையின் அடியைத் தாங்க ஒரு சிறு பலகை. கை உள்ளே போனதும் அது என் கைக்கென்றே குடைந்ததுபோல் இருந்தது. செக்ரட்டரி சிரித்தார். இது பதக்கம் வாங்குகிற ஆட்களின் சாமான், எழுபது எடுக்கிற உனக்கு எதற்கு என்றார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. ரோசம் வந்துவிட்டது. கால் மணித்தியாலத்துக்குள் செக் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை அதால் சுட்டேன். அறுபத்தெட்டு வந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் அக்கா வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, அங்கே ஆறு மாதம் கிடந்து, ஒரு சின்னப் பெட்டியோடு ஹீத்ரோவில் இறங்கினாள். தனியாகத்தான் வந்தாள். அவளுடைய கணவர், எங்கள் அத்தான், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். மின்சார மணி செய்து காட்டுவதற்காக அவர் வீட்டில் வைத்திருந்த கம்பிச் சுருளையும் இரண்டு பற்றரியையும், வீடு வீடாகச் சோதனை போட வந்த இராணுவம் கண்டெடுத்தது. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து வருடங்களாக அக்கா முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்.

இதையெல்லாம் கடிதங்களில் படித்தவன் நான். படித்துவிட்டுத்தான் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். வாங்கும்போது ஒரு நொடியாவது அவள் நினைவு வந்ததா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். வரவில்லை என்பதுதான் உண்மை. அவள் வந்திறங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கப்பட்டவன் விற்றிருக்கலாமே? அதுவும் செய்யவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டி, "அதைத் தொடாதையுங்கோ அக்கா, கரண்ட் மீற்றர், அடிச்சுப்போடும்" என்றேன். பெட்டியின் திறப்புச் சாவியைச் சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். கள்ளன் தேடாத இடம் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிப்படங்களை இறக்கித் துடைக்கிறவள் என்பதை யோசிக்கவில்லை. புதன்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போவேன். வியாழக்கிழமைகளில் என் சட்டையைத் தோய்ப்பவளும் அவள்தான். வெடிமருந்து மணம் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா, பத்திரத்தில் உள்ள இலக்கமும் அதில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் போவார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவை அந்த நேரத்தில் ஈஸ்ட்ஹாம் கோயிலுக்கு அனுப்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அக்காவின் அகதி விண்ணப்பம் அப்போதும் முடிவாகவில்லை. இரண்டு வருடமாக ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்காகத் தபால்காரர் வரும் நேரத்தில் அவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பொலிஸ் என்ற பேச்சே அவள் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருக்கும்போது பொலிஸ் நிலையத்திலிருந்து நேரத்தை உறுதிப்படுத்த டெலிபோன் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவள் அக்கா. அந்தப் பேச்சில் அவளுக்கு விளங்கியது மூன்றே சொற்கள்: பொலிஸ், துப்பாக்கி, நாளைக்கு.

அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. காலையில், "தலையிடிக்குதடா, கோயிலுக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னாள். பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஐம்பது வயதுக்காரர், சீருடையில் வந்திருந்தார், கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் அவரைப் படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் ரவைப் பெட்டிகள் இருந்தன. கீழே துப்பாக்கி இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். கையை உள்ளே விட்டு, இல்லாத ஒன்றை மூலை மூலையாகத் தடவினேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதெல்லாம் ஒரே எண்ணம்தான். தமிழன் வீட்டில் துப்பாக்கி காணாமல் போயிருக்கிறது, அந்த வீட்டில் விண்ணப்பம் முடியாத அகதி ஒருத்தி இருக்கிறாள். இனி யார் எங்களை நம்புவார்கள்? என் ஒரு சனிக்கிழமை ரோசத்துக்காக அக்காவைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார்.

அக்கா குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். அடுப்பில் எதுவும் இல்லை. அவரைக் கண்டதும் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "ஒன்றும் இல்லை சேர், இங்கே ஒன்றும் இல்லை சேர், நல்ல பிள்ளை சேர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிடிவாதமும் கெஞ்சலும் கலந்த அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முகாம் வாசல்களில் அவள் பேசிப் பழகிய குரல் அது.

"அக்கா, எங்கை வைச்சனீங்கள்? சொல்லுங்கோ" என்றேன்.

"என்னத்தை? எனக்கொண்டும் தெரியாது."

"இவர் பறிக்க வரேல்லை. இருக்கோ எண்டு பாக்கத்தான் வந்தவர். இஞ்சை இருந்தாத்தான் நல்லது. இல்லாட்டித்தான் பிழை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளையை ஆரோ சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல் பார்த்தாள். வீட்டில் ஒரு சாமான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிழை என்று ஒரு நாடு இருக்குமா?

"எடுத்துக் குடுத்தா உன்னைக் கொண்டு போகமாட்டினமோ?" என்று கேட்டாள்.

"இல்லையக்கா. சத்தியமா இல்லை."

பிறகு சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு குனிந்து, அரிசி வாளியின் மூடியைத் திறந்து, முழங்கை மறையக் கையை விட்டாள். பழைய சேலைத் துண்டில் சுற்றி, கடைப் பையில் முடிந்த பொதி ஒன்று வந்தது. அதைப் பொலிஸ்காரரிடம் கொடுக்காமல் என்னிடமும் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அவர் துணியை அவிழ்த்து, துப்பாக்கியில் ரவை இல்லை என்று பார்த்து, குழலைக் கீழே சரித்தார். நாலைந்து அரிசி நிலத்தில் விழுந்தது. இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். அக்கா ஏன் இப்படிச் செய்தாள் என்று அவர் கேட்டபோது நான் அத்தானைப் பற்றிச் சொன்னேன், கம்பியையும் பற்றரியையும் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். திறப்பு உன் சட்டைப் பையில் மட்டும்தான் இருக்க வேண்டும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் பத்திரத்தை ரத்துச் செய்வேன் என்று கடுமையாகவே சொன்னார். பின்னர் எழுத்திலும் ஓர் எச்சரிக்கை வந்தது. அவர் போன பிறகு அக்கா ஜன்னல் ஓரத்தில் நின்று, அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மீற்றரின்ரை திறப்பை ஆரும் முருகனுக்குப் பின்னாலை வைப்பினமோடா?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்றைக்கே அதைத் தொலைத்துத் தலைமுழுகியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. சில மாதங்களில் அக்காவுக்கு விசா கிடைத்ததும், இனி என்ன பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அக்கா அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தெருவில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் காத்திருப்பாள். அவளுக்கு எதிரே இருந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும் அது வீட்டில் இருந்த நாலு வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது.

பிறகு ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். நாடே கொதித்தது. கைத்துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வரப்போவது தெரிந்ததும் கிளப்பில் எல்லோரும் எங்கள் தொகுதி எம்.பி.மாருக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவு செய்தோம். நானும் குசினி மேசையில் இருந்து எழுதினேன். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒழுங்காக வைத்திருக்கிறவர்களைத் தண்டிக்கலாமா என்று எழுதிக்கொண்டிருந்தபோது, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அக்கா என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அந்தப் பிள்ளையளின்ரை தாய்மாருக்கும் ஒண்டு எழுதன்" என்றாள்.

கடிதத்தை நான் முடிக்கவில்லை.

என்னுடையது போன்ற சிறிய ரவைத் துப்பாக்கிகளின் முறை தொண்ணூற்றெட்டின் தொடக்கத்தில் வந்தது. ஒப்படைக்கப் போகிற காலையில், அக்கா பட்டுச் சேலை உடுத்து, மேலே குளிர்க்கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாறன்" என்றாள். பொலிஸ் நிலையத்துக்குத் தானாக வருகிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொலிஸ் நிலையத்தில் வரிசை நின்றது. பெரும்பாலும் வயதுபோன வெள்ளைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டியோடு, மரணவீட்டுக்கு வந்தவர்கள்போல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் பெட்டியைத் திறந்து வைத்தேன். அந்த வால்நட் பிடியைக் கடைசியாக ஒரு தடவை பிடித்துப் பார்க்கலாமா என்று மனம் கேட்டது. அக்கா பக்கத்தில் நின்றபடியால் கையை எடுத்துக்கொண்டேன். பொலிஸ்காரப் பெண் எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பெட்டியை உள்ளே தள்ளினாள். நான் திரும்பினேன். அக்கா நகரவில்லை.

"துண்டு வாங்கு" என்றாள்.

"தருவினம் அக்கா, அவ எழுதிறா."

"நிண்டு வாங்கு. எடுத்தா துண்டு தர வேணும்."

பற்றுச்சீட்டு வந்ததும் அதை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டு, சாமானின் பெயர், இலக்கம், திகதி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். கையெழுத்து விளங்கவில்லை என்று காட்டினாள். அந்தப் பெண் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை முழு எழுத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான், அதை நான்காக மடித்துப் பேர்சில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஏறினோம். செவன் கிங்ஸ் கிட்டும்போது ஜன்னலைப் பார்த்தபடி, "அத்தானைக் கொண்டு போகேக்கை நான் துண்டு கேக்கேல்லையடா" என்றாள். "எனக்கு அந்த நேரம் தோன்றேல்லை. கேட்டு வாங்கியிருந்தா, பிறகு கொண்டு போகேல்லையெண்டு சொல்லியிருக்க மாட்டினம்."

இத்தனை வருடமும் அவள் பழியைச் சுமத்தியது அவர்கள்மேல் இல்லை, தன்மேல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. துப்பாக்கியோடு நின்றவர்களிடம் எவள் பற்றுச்சீட்டுக் கேட்டாள், கேட்டிருந்தால்தான் தந்திருப்பார்களா? அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், இறங்குவதற்கு மணியை அழுத்தினேன். வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியின் திறப்பைத் தா என்றாள். அன்றிலிருந்து அந்தத் திறப்பு அவளிடம்தான் இருந்தது.

போன வருடம் அக்கா காலமாகிவிட்டாள். முகவர் பெண்மணி வந்து போன பிறகு, அவளுடைய பேர்சில் திறப்பைத் தேடியெடுத்துப் பெட்டியைத் திறந்தேன். பற்றுச்சீட்டு நான்காக மடித்தபடியே இருந்தது. முன்பக்கத்தில் என் பெயர், துப்பாக்கியின் இலக்கம், அந்தப் பெண்ணின் கையெழுத்து. திருப்பினேன். பின்பக்கத்தில் அக்காவின் சாய்ந்த எழுத்தில், முன்பக்கத்தில் இருந்த அதே ஒழுங்கில் இன்னொன்று எழுதியிருந்தது. என் காதுபட ஒரு தடவைகூட வாயால் சொல்லாத அத்தானின் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாக எழுதியிருந்தாள். கொண்டுபோன திகதி. நேரம், விடிய ஐந்தரை. உடுத்திருந்தது, வெள்ளை வேட்டி, நீலச் சேட். கைக்கடிகாரம் ஒன்று. மூக்குக் கண்ணாடி ஒன்று. கம்பிச் சுருள் ஒன்று, பற்றரி இரண்டு. கடைசி வரியில், பெற்றுக்கொண்டவர் என்று எழுதி, பக்கத்தில் அடிமட்டம் வைத்து நேர்க்கோடு ஒன்று போட்டிருந்தாள். கோட்டுக்கு மேலே இடம் வெறுமையாக இருந்தது.