மருந்து ஆய்வில் சேரலாமா? அப்பாவோடு ஜார்ஜ்டவுனுக்குப் போன நாள்

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை, அப்பா, அம்மா, நான் மூவரும் மலேசியப் பெருநிலத்திலுள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து பினாங்குத் தீவுக்குப் புறப்பட்டோம். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எந்தச் சிகிச்சை எடுப்பது என்று பேச ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மருந்து ஆய்வில் சேரவும் வாய்ப்பு உண்டாம். இப்படி ஒரு பயணத்தைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன், அதிகம் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பட்டர்வொர்த் படகுத்துறை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பாலம் வழியாகவே காரில் போயிருக்கலாம். ஆனால் அப்பா தீவிலுள்ள பாயான் லெப்பாஸில், கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். அந்தப் பாலத்தை ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்தவர். "பாலத்துல போனா வேலைக்குப் போற மாதிரி இருக்கும். ஃபெரியில போவோம்," என்றார். கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். ரொக்கம் வாங்குவதில்லை, பயண அட்டையில் பணம் போட்டுக்கொண்டு போங்கள். கடக்கக் கால் மணி நேரம் ஆகும். எதிரே தீவில் கொடிமலையின் தலை மேகத்துக்குள் இருந்தது. அப்பா இருமல் வராத இடைவெளிகளில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறையிலிருந்து மருத்துவமனைக்கு வாடகைக் கார் ஒன்பது வெள்ளி. ஓட்டுநர் ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன். அப்பா இருமியதும் ஒன்றும் கேட்காமல் குளிர்காற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டார். எந்த வாசலில் இறங்கினால் நடை குறைவு என்றும் சொன்னார்.

மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். அப்பாவின் ஸ்கேனைத் திரையில் போட்டு, சுட்டியின் சக்கரத்தை மெல்ல உருட்டினார். கழுத்திலிருந்து வயிறு வரை அப்பாவின் உடம்பு பக்கம் பக்கமாகத் திறந்தது. இதயம் வந்தது, போனது. வலது நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி, ரம்புத்தான் கொட்டை அளவு. எலும்புக்கும் பரவிவிட்டதால் அறுவை சிகிச்சை செய்ய முடியாது, முழுதாகக் குணப்படுத்தவும் முடியாது, ஆனால் கட்டுப்படுத்தலாம் என்றார். கட்டியின் மரபணுவில் மிகச் சிறிய ஒரு மாற்றம் இருக்கிறதாம். அந்த மாற்றத்துக்கென்றே ஒரு மாத்திரை செய்திருக்கிறார்களாம். நான் படிக்கும் படிவம் நான்கு வகுப்பின் உயிரியல் புத்தகத்தில் டிஎன்ஏ எனக்கு ஒரு படம்தான். அதில் ஒரு புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குப் பொருந்தும் மருந்தையும் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அந்த மாத்திரையைத் தினமும் எடுப்பது. இன்னொன்று, ஆய்வில் சேர்வது. ஆய்வில் சிலருக்கு அதே மாத்திரை மட்டும், சிலருக்கு அதோடு நரம்பில் ஏற்றும் புது மருந்து ஒன்றும் கிடைக்கும். யாருக்கு எது என்று கணினிதான் குலுக்கிப் போடும். எந்தக் குழுவானாலும் அடிக்கடி வர வேண்டும், பரிசோதனைகளும் அதிகம். புது மருந்தின் பக்கவிளைவுகள் எல்லாம் இன்னும் தெரியாது. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். பெரிய இடத்து ஆளைத் தெரிந்திருந்தால் எங்கள் ஊரில் 'கேபிள் இருக்கு' என்போம். "டாக்டர், புது மருந்துப் பக்கம் போட கேபிள் ஏதும் வேணுமா? என் தம்பிக்கு ஒருத்தரத் தெரியும்," என்றார்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "எனக்கே கேபிள் இல்ல, அக்கா. புதுசுதான் நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா, எல்லாருக்கும் அதையே கொடுத்திருப்போம். தெரியல. அதான் இந்த ஆய்வு."

அவ்வளவு படித்தவர், அத்தனை சாதாரணமாகத் தெரியாது என்றார். பாடப்புத்தகங்களில் விடைகள் மட்டுமே இருக்கும். அன்று நான் இன்னும் விடை எழுதப்படாத ஒரு பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துச் சொல்லலாம் என்று அனுப்பினார்கள். பாடாங் கோத்தா கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். தொழிற்சாலையில் ஒரு புது முறையைச் சோதிக்க, சில்லுகளை வெட்டி எடுக்கும் வட்டத் தகடுகளை இரண்டாகப் பிரிப்பார்கள் என்று அப்பா சொன்னார். பாதிக்குப் பழைய முறை, பாதிக்குப் புதியது. ஒரு ஆளைப் பிரிக்கச் சொன்னால் நல்ல தகடாகப் பார்த்துப் புது முறைக்குத் தள்ளிவிடுவானாம், அதனால் அங்கேயும் குலுக்கல்தானாம்.

"அப்ப உங்களுக்குப் பயமில்லயா?" என்று கேட்டேன்.

"பயந்தான். அந்தத் தகட்டுக்கு வீட்டுல பொண்ணு இல்லயே."

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு, அடிக்கடி வர வேண்டுமானால் வேலை என்னாவது என்றார். வேலை ஓடிப் போகாது என்றார் அப்பா. ஒரு சரக்குக் கப்பல் மெதுவாகக் கடந்து போனது.

"நாங்க எந்தத் தகட்டையும் கேட்டதில்ல லா," என்றார் அப்பா கடைசியில். "என்னைய உக்கார வச்சி, விளக்கிச் சொல்லி, சம்மதமான்னு கேக்கறாங்க. சேரறேன்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காத்திருக்கும் அறை கடும் குளிர், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா, ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை, எந்தச் செலவு யாருடையது, பக்கவிளைவு வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுவிடுங்கள். புரியும்வரை கேளுங்கள், எங்கள் மருத்துவர் அதே படத்தை மூன்று முறை உருட்டிக் காட்டினார். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் சரியாகவே முடிவு செய்கிறார்கள். அப்பாவின் பதில் அப்பாவுக்கு மட்டும்தான்.

கூடுதல் பரிசோதனைகள் முடிந்து, மறுவாரம் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். கணினி அப்பாவை மாத்திரை மட்டும் எடுக்கும் குழுவில் போட்டிருந்தது. அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தம் நின்றதும் வெளியே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் ஆள் இல்லன்னா, அந்தப் பக்கம் நல்லதா இல்லயான்னு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா அவரிடம்.

முதல் மாத்திரையை அவர் விழுங்கும்போது நான் எதிரே இருந்தேன். இதே மாத்திரையை, இதே கேள்விக்காக, எனக்குத் தெரியாத ஊர்களில் எத்தனையோ பேர் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய வீடுகளிலும் யாராவது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.