அண்ணனை அதட்ட ஒரு மொழி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முழு வேகத்தில் ஓடுகிற ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் திருப்பரங்குன்றம் வீட்டுக்கு என் மகள் மாலினியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பார்க்க என்ன இருக்கிறது? அவளும் கார்த்திக்கும் ஒரே ஆபீஸில் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் பெரியவர்கள் பார்த்ததாக ஒரு பேர் வேண்டாமா... அதற்குத்தான் பஜ்ஜியும் கேசரியும்.

பையன் பரவைக்காரன். அப்பா இல்லை. அம்மா பாண்டியம்மாள் அங்கே மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் சௌராஷ்டிரக்காரர்கள். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டதால், எங்கள் பக்கத்தில் சரி என்று சொல்ல வேண்டியவர் தாய்மாமன் — அதாவது என் அண்ணன். அவர் தட்டை மாற்றினால் கல்யாணம். முறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டால்? "மாமா மனசு நோக எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா" என்று மாலினி முன்னாலேயே சொல்லிவிட்டாள். ஆறு மாதம் கெஞ்சிய பிறகு, அன்றைக்குத்தான் அவர் அண்ணியோடு அவனியாபுரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

அண்ணனுக்குப் புடவைக் கடை. எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் கஸ்டமர் இருக்கும்போதே எங்கள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொள்வோம். "இந்தம்மா வாங்காது, மடிச்சு வை." "அந்தப் பச்சையைக் காட்டு, மயங்கிருவாங்க." ரகசியம் பேச உள்ளே போக வேண்டியதில்லை, குரலைத் தணிக்கவும் வேண்டியதில்லை. யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்தான்!

அண்ணன் அதே தைரியத்தில் ஆரம்பித்தார். சிரித்த முகமாகப் பையனைப் பார்த்துக்கொண்டே, எங்கள் பாஷையில் என்னிடம், "மீசையைப் பாத்தியா? பூனை பால் குடிச்ச மாதிரி" என்றார்.

அண்ணி சிரித்தாள். பாண்டியம்மாளின் உதடும் ஒரு பக்கமாக லேசாகப் போய்த் திரும்பியது.

எனக்குத் திக்கென்றது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். மொழிப் பைத்தியம். கொரியன், ஸ்பானிஷ், கொஞ்சம் துருக்கி — எல்லாம் ஃபோனில் ஆப் வைத்துப் படித்தவை. வாரம் ஒரு முறை வீடியோ காலில் பல தேசத்து ஆட்களோடு அரட்டை. அதில் ஒன்று கவனித்திருக்கிறேன். பாஷை புரியாதவர்கள் நம் வாயைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் சுவரைப் பார்ப்பார்கள். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு அப்படியே நிற்கும். துருக்கியானாலும் பக்கத்து ஊர் துவரிமானானாலும் இதில் வித்தியாசமே கிடையாது. பாண்டியம்மாள் சுவரைப் பார்க்கவில்லை.

சந்தேகம் தீர வேண்டுமே! யாரையும் பார்க்காமல், அண்ணியிடம் எங்கள் பாஷையில், "அவங்க காபியில எறும்பு கெடக்கு" என்றேன்.

வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றது. பாண்டியம்மாள் உள்ளே பார்த்தார். எறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அவர் காபியைக் குடித்தார்.

இப்போது அண்ணன் வாயை அடைத்தாக வேண்டும். எந்த மொழியில்? தமிழ் எல்லோருக்கும் தெரியும். இங்கிலீஷ் பையனுக்குத் தெரியும். எங்கள் பாஷையில் சொன்னால் அந்தம்மாவிடமே சொன்ன மாதிரி. கண்ணைக் காட்டினேன். "என்ன, கண்ணுல தூசியா?" என்று தமிழில் கேட்டார் மனுஷன்! காலை மிதித்தேன். காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

அவர் பாட்டுக்கு எங்கள் பாஷையில் போய்க்கொண்டே இருந்தார். "பையன் பரவாயில்ல. ஆனா அந்தம்மா கையைப் பாரு. மூட்டை தூக்குன கை. நாளைக்கு நம்ம புள்ளையும் விடியக்காலம் மார்க்கெட்டுல போயி வெங்காயம் பொறுக்கணும். இதுக்கா இம்புட்டுப் படிக்க வச்சோம்?"

பாண்டியம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு, கேசரியைத் தட்டோடு அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அந்தப் பதற்றத்தில் மிச்சமிருந்த மொழி ஒன்று வாயில் தானாக வந்தது. "அன்துவே!" என்று கத்திவிட்டேன். கொரியனில் 'கூடவே கூடாது' என்று அர்த்தம்.

அண்ணன் "என்னது?" என்று விழித்தார். புரிந்தது ஒரே ஒரு ஆளுக்கு... கொரிய சீரியலாகப் பார்த்துத் தள்ளுகிற என் மகளுக்கு! கதவோரம் நின்று மாமா பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் வெளுத்துவிட்டது. மாமாதான் இப்படியென்றால், பெற்ற அம்மாவும் 'கூடவே கூடாது' என்கிறாளே!

"அம்மா..." என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவள் அழுவதைப் பார்த்துக் கார்த்திக் பதறி எழுந்துவிட்டான்.

போச்சு. எல்லாம் போச்சு. இத்தனை மொழி படித்து என்னத்தைக் கிழித்தேன்? கூடப்பிறந்த அண்ணனை அதட்ட எனக்கு ஒரு மொழி இல்லை.

அப்போதுதான் பாண்டியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கார்த்தி, ஒக்காருடா" என்று தமிழில் சொன்னார். பிறகு அண்ணனைப் பார்த்து எங்கள் பாஷையில் நிதானமாகப் பேசினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் மகளைவிடச் சுத்தமாகப் பேசினார். "நீங்க கேக்குறது நியாயந்தாண்ணே. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா நானும் கேப்பேன். ஆனா தமிழ்ல கேளுங்க. பதில் சொல்ல வேண்டியவன் எம் மகன். அவனுக்கு இது புரியாது."

அண்ணன் கையிலிருந்த பஜ்ஜி கையிலேயே நின்றது.

"எம்மா, ஒனக்கு எப்புடி இது...?" என்றான் பையன்.

"கடை போடுறதுக்கு முன்னாடி பதினெட்டு வருசம் இவுக ஆளுக இருக்குற தெருவுலதாண்டா கூடை தூக்கி வித்தேன். 'இதுக்கு மேல வெலையை ஏத்தாத, எறங்கி வந்துருவா'ன்னு எங் கண்ணு முன்னாடியே பேசிக்குவாக. கத்துக்காம எப்புடி ஏவாரம் பண்றது? தெரியும்னு காட்டிக்கிட்டா அந்த ஏவாரமும் போயிரும். அதான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒங்கிட்டயும்."

நான் சர்டிபிகேட் வாங்கி ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்கிற வித்தையை, இந்தம்மா இத்தனை வருஷம் வெளியே மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு அதை மகனுக்காக எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். பையனைப் பார்த்து, தமிழில் கேட்டார். "எங்க புள்ள வேலைக்குப் போகணும். மார்க்கெட்டுல வந்து நிக்கச் சொல்லுவீங்களா?"

"என்னையவே நிக்க விட்டதில்ல மாமா. மூட்டைப் பக்கம் போனாலே வெரட்டிருவாங்க. 'இந்தப் பாடு என்னோட போகட்டும்'பாங்க."

அண்ணன் பாண்டியம்மாள் பக்கம் திரும்பினார். கையைக் கூப்பி, "தப்பாப் பேசிட்டேன்மா, மன்னிச்சுக்கங்க" என்றார். எங்கள் அண்ணன் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை, எழுந்து தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

நான் மாலினியைக் கட்டிக்கொண்டு, "அந்த 'அன்துவே' ஒனக்கில்லடி, ஒங்க மாமாவுக்கு" என்று காதில் சொன்னேன். அழுதுகொண்டே கிள்ளினாள் பாருங்கள், இன்னும் கன்னிப்போய்க் கிடக்கிறது.

கிளம்பும்போது வாசலில் அண்ணன் அசடு வழிந்தார். "இனிமே ஒங்க முன்னாடி ஜாக்கிரதையாப் பேசணும் போல..."

பாண்டியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"முன்னாடி என்ன வேணாலும் பேசுங்கண்ணே, எந்தப் பாஷையில வேணாலும் பேசுங்க, பதில் சொல்லிக்கிறேன். முதுகுக்குப் பின்னாடி பேசுனாத்தான் பதில் சொல்ல... எனக்கு எந்தப் பாஷையும் தெரியாது."