கணக்கறைக் கதவு

மனசுக்கு ஆலோசனை சொல்லப் படிக்கிற பிள்ளைகள் என்னென்ன கற்கவேண்டும் என்று இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. பாடத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடியில் பார்த்த ஒரு படிப்பாளியே எனக்குப் போதும்.

அப்போது ஏலக்காய் மண்டியில் எனக்கும் என் மதினிக்கும் காய் பொறுக்கும் வேலை. பெண்கள் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் குனிந்து, பெருங்காயையும் சிறுகாயையும் பிரித்து ஒதுக்குவோம். கையும் வாயும் சேர்ந்தே ஓடும். ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் தலை நிமிரமாட்டோம். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். அங்கே சொன்னது மண்டி வாசலைத் தாண்டியதும் இல்லை. என் அண்ணன் அடிக்கிற அடியை மதினி அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தாள். கூடப்பிறந்தவன்தான், ஆனாலும் அவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், "தை பொறக்கவும் ராசிங்காபுரத்துக்கே போயிர்றேன். எங்கய்யா வரச் சொல்லிட்டாக" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

அது முதலாளி மகன் கண்ணில் பட்டுத் தொலைத்தது. மதராஸில் மனோதத்துவம் படித்துக்கொண்டு லீவுக்கு வந்திருந்தான். படித்ததைப் பரீட்சை பார்க்க ஓர் ஆள் தேவை, மதினி அகப்பட்டாள். தனி அறையில் பேசவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். கணக்கறையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். நாங்கள் பார்க்க, லோடு இறக்க வந்த ஆண்கள் அத்தனை பேரும் பார்க்க. ரகசியம் காக்கிறாராம் துரை. நாற்காலி நுனியில் உட்கார்ந்த மதினி வாயே திறக்கவில்லை.

சாயங்காலமே விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. "கதவச் சாத்திக்கிட்டு அவன்ட்ட என்ன பேசுன?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். ஒன்றும் பேசவில்லை என்ற உண்மையை அவன் நம்பவில்லை. மறுநாள் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஊர்ப் பேச்சு அடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ராசிங்காபுரத்திலிருந்தும் சொல்லியனுப்பினார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை.

மதினி ஏன் வேலைக்கு வரவில்லை என்று படிப்பாளி விசாரித்தான். நான் முறத்திலிருந்து தலை தூக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டான்.

"மனசுல இம்புட்டு வச்சிருக்கியேம்மா. உள்ள வா, தனியாப் பேசுவோம்" என்று கணக்கறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.