கடலில் கைமாறிய தூக்குவாளி

தொண்டியில் பதினாறு வருடமாக இயற்பியல் வாத்தியார் வேலை. சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் என்பதால், கண்மாயைத் தாண்டி எனக்குத் தண்ணீர் பழக்கமில்லை. போன மாசியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு மீனவர் தன் படகில் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் சோற்றுத் தூக்குவாளியை வீட்டிலேயே விட்டு வந்தது தெரிந்தது. அவர் தன் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி வேறொரு படகில் அதைக் கொண்டுவந்து, எங்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். இருவருமே எஞ்சினை அணைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

“ரெண்டு படகையும் நிப்பாட்டுங்கண்ணே. ஓடயில எப்படி வாங்குறது?” என்றேன்.

“நிப்பாட்டுனா அலையில அது ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும் சார். சேந்து ஓடுனாத்தான் ரெண்டும் நிக்கும்” என்றார் அவர்.

தம்பி வாளியை நீட்டினார். அடுப்படியில் நின்று வாங்குவதுபோல வாங்கினேன். ஒரு சொட்டு ரசம் சிந்தவில்லை.

ஒரே திசையில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு ரயில்களின் சார்புத் திசைவேகம் சுழி. இது புரியவில்லை என்று சொன்னதற்காக, முந்தின நாள்தான் பாதி வகுப்பை நூறு தடவை எழுத வைத்திருந்தேன்.