அப்பாவின் சப்பாத்து இன்று வந்தது

தங்கச்சியின் கல்யாணத்தில் அவளை மாதா கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துப்போக வேண்டும் என்று அப்பா தானே ஓர்டர் போட்ட கறுப்புச் சப்பாத்தும் வெள்ளைச் சட்டையும் இன்று பகல் எங்கள் தன்னாமுனை வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அப்பாவை முந்தாநாள் அடக்கம் செய்துவிட்டோம். மச்சானின் சப்பாத்தைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம்.

டுபாயிலிருந்து சாமான் வாங்கி அனுப்பும் ஏஜென்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பார்சல் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுக்காவிட்டால் பிறகு எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதனால் அம்மா பிரித்தார், நான் போனைப் பிடித்தேன்.

சட்டையின் தையலை இழுத்துப் பார்த்தார். பிழையில்லை. சப்பாத்தை வளைத்தார். இடது காலின் அடி பசை விட்டு வாயைப் பிளந்தது.

அம்மா அந்தப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பிந்தி வந்ததும் நல்லம் புள்ள. இல்லாட்டி இதைப் போட்டெல்லோ அந்த மனிசன அனுப்பியிருப்பம்."

வீடியோவை அனுப்பினேன். ஏஜென்டிடமிருந்து உடனே குரல்பதிவு வந்தது.

"ஓம் அக்கா, அடி விட்டுத்தான் இரிக்கி. வேற சோடி அனுப்புறன். ஆனா ஓர்டர் போட்டவர்தான் சொல்லோணும். ஐயாட்ட போனைக் குடுங்க, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

அம்மாவுக்கும் அது கேட்டது. சப்பாத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால் அப்பாவின் படம், மாலை, எரிகிற மெழுகுதிரி எல்லாமே தெளிவாகத் தெரிகின்றன. ஏஜென்ட் சப்பாத்தை மட்டும் வடிவாகப் பார்த்திருக்கிறார்.

நான் இன்னும் பதில் போடவில்லை. நீங்கள் என்றால் என்ன போடுவீர்கள்?